பிள்ளையின் சொல் யாருக்குச் சொந்தம்?

"இக்காலத்துப் பிள்ளைகள் வாசிப்பதில்லை; எழுதச் சொன்னால் நாலு வரிக்குமேல் எழுதத் தெரியவில்லை" என்னும் முறைப்பாடு இன்று எங்கும் கேட்கின்றது. ஆசிரியர் அறையிலே கேட்கின்றது. பெற்றோர் கூட்டத்திலே கேட்கின்றது. இலக்கிய மேடைகளிலே தலைமையுரை ஆற்றுவோரின் வாயிலும் கேட்கின்றது. கைத்தொலைபேசியின் மீது பழியைப் போட்டு ஒரு பெருமூச்சும் விட்டுவிட்டால் எமது கடமை முடிந்துவிடுகின்றது. ஆனால், குற்றவாளிக் கூண்டிலே நிறுத்தப்பட்ட பிள்ளையின் தரப்பை இதுவரை எவரும் விசாரித்ததாகத் தெரியவில்லை. வாசிப்பு இன்பமானது என்கின்றோமே, அந்த இன்பத்தை என்றைக்காவது அப்பிள்ளைக்கு நாம் கொடுத்தோமா? உன் மனதிலுள்ளதை எழுது என்கின்றோமே, அதை எழுத என்றைக்காவது இடம் விட்டோமா?

இவை கற்பித்தல் முறை பற்றிய கேள்விகள் மட்டுமல்ல. அறம் பற்றிய கேள்விகளுமாகும். ஒரு மனிதனின் வாயிலே இன்னொருவனுடைய சொற்களை வைத்து, அவற்றை அவனுடைய சொற்கள் என்று பேசச் செய்யும் உரிமை எவருக்குண்டு? அம்மனிதன் பத்து வயதுப் பிள்ளையாக இருந்துவிட்டால் அவ்வுரிமை தானாகவே வந்துவிடுமா?

முதலில் வாசிப்பை எடுத்துக்கொள்வோம். நமது வகுப்பறையிலே ஒரு கதை எவ்வாறு வாசிக்கப்படுகின்றது? ஒரு பந்தி முடிந்ததும் வினா வருகின்றது. அடுத்து அரும்பதங்கள், அவற்றுக்கு ஒத்தகருத்துச் சொல், எதிர்க்கருத்துச் சொல். ஈற்றிலே, "இக்கதையினால் நாம் பெறும் படிப்பினை யாது?" என்ற கேள்வி. விருந்துக்கு ஒருவரை அழைத்துவிட்டு, அவர் உண்ணும் ஒவ்வொரு கவளத்துக்கும் எத்தனை தரம் மென்றீர் என்று கணக்குக் கேட்டால் அவர் மறுமுறை நம் வீட்டு வாசலை மிதிப்பாரா? பிள்ளைகளும் அப்படித்தான். புத்தகம் என்றால் பின்னால் ஒரு வினாத்தாள் ஒளிந்திருக்கும் பொருள் என்று அவர்கள் அனுபவத்தாற் கண்டுகொண்டிருக்கின்றார்கள். அவர்கள் விலகி நிற்பது சோம்பலால் அன்று, எச்சரிக்கையால்.

பிள்ளைகளுக்காக எழுதும் மரபு எமக்குப் புதிதன்று. 1848-ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய ஆறுமுக நாவலர், பிள்ளைகளுக்கெனப் படிமுறையிலே பாலபாடங்களை எழுதி அச்சிட்டார். செய்யுளிலே கட்டுண்டிருந்த கல்வியைத் தெளிந்த வசனத்துக்குக் கொண்டு வந்த பெருமை அவருடையது. அக்காலத்துச் சமயக் கட்டுப்பாடுகளையும் சமூகக் கட்டுப்பாடுகளையும் அந்நூல்கள் சுமந்து நின்றன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. பிள்ளைக்கு எது நல்லது என்பதைப் பெரியவரே முடிவு செய்தார், பிள்ளை கேட்டுக்கொண்டது. அடுத்த காலகட்டத்திலே நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் வந்தார். 1878 முதல் 1953 வரை வாழ்ந்த அவரும் ஓர் ஆசிரியரே. ஆனால், அவர் பாடிய ஆடிப்பிறப்புப் பாட்டு நாளைக்குப் பள்ளிக்கூடம் இல்லை என்னும் குதூகலத்தோடுதான் தொடங்குகின்றது. கூழும் கொழுக்கட்டையும் அதிலே மணக்கின்றன. பள்ளி விடுமுறையைக் கொண்டாடும் பாட்டை ஓர் ஆசிரியரே எழுதினார், அதையே ஈழத்துப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகப் பாடி வருகின்றார்கள் என்பது சிந்திக்கத்தக்கது. பிள்ளையின் மகிழ்ச்சி எங்கே இருக்கின்றதோ அங்கே போய் நின்று அவர் எழுதினார்.

புத்தக இன்பம் ஓர் உள்ளத்திலிருந்து இன்னோர் உள்ளத்துக்குத் தொற்றும் தன்மையது. மாக்சிம் கார்க்கி சிறுவனாக வொல்கா நதிக் கப்பலொன்றிலே கோப்பை கழுவிக்கொண்டிருந்த காலத்திலே, அக்கப்பலின் சமையற்காரர் ஸ்மூரி தம் பெட்டியிலிருந்த புத்தகங்களைக் கொடுத்து அவனை உரத்து வாசிக்கச் செய்தார். கோகலின் 'தாராஸ் புல்பா'வைக் கேட்டு அந்த முரட்டு மனிதர் கண்ணீர் விட்டதைக் கார்க்கி தமது சுயசரிதையிலே எழுதியிருக்கின்றார். ஸ்மூரியிடம் கற்பித்தற் பயிற்சி எதுவும் இருக்கவில்லை. வளர்ந்த மனிதன் ஒருவன் ஒரு புத்தகத்தின் முன்னாற் கலங்கி நிற்பதை அச்சிறுவன் கண்டான், அது போதுமாயிருந்தது. நம்முள் எத்தனை ஆசிரியர்கள் பிள்ளைகள் காண ஒரு புத்தகத்தை வாசிக்கின்றோம்? பாடநூலும் பரீட்சை வழிகாட்டியும் தவிர்ந்த ஒரு நூலை நம் கையிலே கண்ட பிள்ளை எத்தனை பேர்?

இனி எழுத்துக்கு வருவோம். இங்கேதான் நிலைமை மேலும் மோசமானது.

கடைகளிலே மாதிரிக் கட்டுரைத் தொகுதிகள் குவிந்து கிடக்கின்றன. "நான் ஒரு பழைய குடை", "நான் ஒரு நாணயம்" என்னும் தலைப்புகள் அவற்றிலே தவறாமல் இருக்கும். குடை தன் பிறப்பையும் வளர்ப்பையும் துன்பத்தையும் சொல்லும். நாணயம் தான் கைமாறிய கதையைச் சொல்லும். எம் கல்வியிலே குடைக்குச் சுயசரிதை உண்டு. குடை இல்லாமல் மழையிலே நனைந்து பாடசாலைக்கு வரும் பிள்ளைக்குச் சுயசரிதை இல்லை.

நான் வாழும் முகத்துவாரத்தையே எடுத்துக்கொள்ளலாம். களனி கங்கை கடலோடு கலக்கும் இடமாதலால் இதற்கு இப்பெயர் வந்தது. ஒருபுறம் மீன்பிடித் துறைமுகம். தெற்கே கொழும்புத் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள். இடையிலே, தோட்டங்கள் என்று பெயர் கொண்ட நெருக்கமான குடியிருப்புகள். பெயரிலே மட்டுமே தோட்டம். செடி வைக்க ஒரு சாண் நிலம் இராது. கடலுக்குப் போவோர், துறைமுகத் தொழிலாளர், புறக்கோட்டையிலே மூட்டை சுமக்கும் நாட்டாமைகள், வீட்டுவேலைக்கு மத்திய கிழக்குக்குப் போன பெண்கள் ஆகியோரின் பிள்ளைகள் இங்கே தமிழ் படிக்கின்றார்கள். "எங்கள் ஊர்" என்று கட்டுரை எழுதச் சொன்னால் இப்பிள்ளைகள் என்ன எழுதுகின்றார்கள்? பச்சைப்பசேலென்ற வயல்வெளிகளை எழுதுகின்றார்கள். சலசலத்தோடும் அருவியை எழுதுகின்றார்கள். ஏர்பூட்டிச் செல்லும் உழவரை எழுதுகின்றார்கள். சன்னலுக்கு வெளியே கப்பலின் ஊதல் கேட்கின்றது. கொப்பியிலே குயில் கூவுகின்றது.

இதைச் சிரித்து ஒதுக்கிவிடலாம். சிரிக்க முடியாத ஒன்றையும் சொல்கின்றேன். "என் தாய்" என்ற தலைப்புக்கு ஒரு சிறுமி எழுதிய கட்டுரையிலே தாய் அதிகாலையில் எழுந்து பலகாரம் செய்கின்றாள். பிள்ளைக்குத் தலைவாரிப் பூச்சூடுகின்றாள். வாசல்வரை வந்து கையசைக்கின்றாள். எழுத்துப் பிழை ஒன்றுமில்லை. அதற்கு நல்ல புள்ளிகளே கிடைத்திருக்கும். அச்சிறுமியின் தாய் நான்கு ஆண்டுகளாகக் குவைத்திலே இருக்கின்றாள். புள்ளியிடுவதில்லை என்ற வாக்குறுதியோடு கொடுக்கப்பட்ட வேறொரு கொப்பியிலே அதே பிள்ளை பின்பு எழுதியது இது: "அம்மா வெள்ளிக்கிழமைல போன் எடுப்பாங்க. அவங்க முகத்துக்குப் பின்னால வேற வீட்டுச் சுவர் தெரியும். அந்தச் சுவர் எங்க வீட்ட விடப் பெருசு."

இவ்விரண்டு எழுத்துகளுள் எது தமிழ்? எது கட்டுரை? முதலாவது, இலக்கணம் வழுவாத பொய். இரண்டாவது, வழுக்கள் மலிந்த உண்மை. முதலாவதற்குப் பரிசும் இரண்டாவதற்குச் சிவப்பு மையும் கொடுக்கும் கல்வி, பிள்ளைக்கு எழுதக் கற்பிக்கவில்லை; தன்னுடைய வாழ்க்கை எழுத்துக்குத் தகுதியற்றது என்று கற்பிக்கின்றது. வயல் உள்ளவனின் வாழ்க்கை கட்டுரைக்குரியது. பலகாரம் சுடும் தாயின் வீடு கட்டுரைக்குரியது. கூலிக்காரன் வீடும், ஆளில்லாத அடுப்பும், பிரிவும் கட்டுரைக்குரியவையல்ல. இப்பாடம் எந்தப் பாடத்திட்டத்திலும் அச்சிடப்படவில்லை. ஆனால் எல்லாப் பாடங்களையும்விட ஆழமாகப் பதிவது இதுவே. வர்க்கப் பெருமையும் வர்க்கத் தாழ்வும் பத்து வயதிலேயே இவ்வாறு இதமாக ஊட்டப்படுகின்றன.

இங்கே மொழிப் பிரச்சினையும் எழுகின்றது. முகத்துவாரத்துப் பிள்ளையின் பேச்சிலே தமிழோடு சிங்களச் சொற்களும் கலந்திருக்கும். தம்பியை அது "மல்லி" என்றே அழைக்கும். இதைக் கேட்டு முகஞ்சுளிப்போருக்கு ஈழத்து இலக்கிய வரலாற்றிலே ஒரு பக்கத்தை நினைவூட்டலாம். 1960-களின் முற்பகுதியிலே, முற்போக்கு எழுத்தாளர்கள் உழைக்கும் மக்களின் பேச்சைக் கதைகளிலே கொண்டுவந்தபோது, அது "இழிசனர் வழக்கு" என்று பண்டிதர் சிலர் பழித்தார்கள். மரபுப் போராட்டம் எனப் பெயர்பெற்ற அவ்விவாதத்திலே கைலாசபதி, சிவத்தம்பி முதலியோர் மக்களின் மொழிக்காக வாதாடினார்கள். இலக்கியத்திலே அந்த வழக்கு வென்றுவிட்டது. இன்று எந்த எழுத்தாளனும் பாத்திரத்தின் பேச்சுக்காக மன்னிப்புக் கேட்பதில்லை. வகுப்பறையிலே மட்டும் அவ்வழக்கு இன்னும் விசாரணைக்கே எடுக்கப்படவில்லை. அப்போராட்டத்தைப் புகழ்ந்து மேடையிலே பேசும் நாமே மறுநாட் காலை ஒரு பிள்ளையின் கொப்பியிலே "மல்லி"யைச் சிவப்பு மையால் வெட்டுகின்றோம்.

அப்படியானால் செந்தமிழ் வேண்டாமா? வேண்டும், கட்டாயம் வேண்டும். இத்தாலியிலே பார்பியானா என்னும் மலைக்கிராமத்துப் பள்ளியின் மாணவர் எட்டுப்பேர் கூடி 1967-இல் வெளியிட்ட 'ஓர் ஆசிரியைக்குக் கடிதம்' என்ற நூலை இங்கே நினைவுகூரலாம். நாட்டின் கல்விமுறை ஏழை மக்களின் பிள்ளைகளை எவ்வாறு வடிகட்டி வெளியே தள்ளுகின்றது என்பதை அச்சிறுவர்களே புள்ளிவிபரங்களோடு நிறுவினார்கள். அவர்களுடைய ஆசானாகிய பாதிரியார் லொரென்சோ மிலானி, மொழியை ஆளும் வல்லமையே மனிதரைச் சமமாக்கும் என்று நம்பினார். ஆகவே, பொதுத்தமிழை ஏழைப் பிள்ளைக்கு மறுப்பது முற்போக்காகாது; அது இன்னொரு வகைத் தீண்டாமை. கேள்வி, எது முந்துவது என்பதே. தன் சொல்லால் தன் உண்மையைச் சொல்லிப் பழகிய பிள்ளைக்குச் செந்தமிழ் கிடைத்தால் அது ஆயுதமாகும். சொல்வதற்கு எதுவுமில்லை என்று நம்பவைக்கப்பட்ட பிள்ளைக்கு அது கிடைத்தால் வெறும் முகமூடியாகும்.

இனி, மிகக் கடினமான ஆட்சேபத்துக்கு வருவோம். அது பண்டிதரிடமிருந்து வருவதன்று, பெற்றோரிடமிருந்து வருவது. "கதப் புத்தகம் வாசிச்சு என்ன சேர் வரப்போகுது? பரீட்சையில வர்றதச் சொல்லிக் குடுங்க" என்று ஒரு தாய் கேட்டால் அவளை அறியாமையுள்ளவள் என்று ஒதுக்க எமக்கு உரிமையில்லை. 1945-இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா இலவசக் கல்வியைக் கொண்டுவந்தபோது ஏழைப் பிள்ளைக்கு ஓர் ஏணி கிடைத்தது. கிராமத்துப் பிள்ளையும் நல்ல பாடசாலைக்குப் போகலாம் என்னும் நோக்கத்தோடு அமைந்த புலமைப்பரிசில் பரீட்சை அவ்வேணியின் ஒரு படியாயிற்று. இன்று ஆண்டுதோறும் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட பத்து வயதுப் பிள்ளைகள் அந்தப் பரீட்சை எழுதுகின்றார்கள். பணமுள்ளவன் ஏணி இல்லாமலே மாடிக்குப் போவான். அத்தாயின் பிள்ளைக்கு வேறு வழியில்லை. எனவே, மாதிரிக் கட்டுரையை மனனஞ் செய்விக்க மறுக்கும் ஆசிரியன் தன் கொள்கைக்கு இன்னொருவர் பிள்ளையின் புள்ளிகளை விலையாகக் கொடுக்கின்றான் என்னும் குற்றச்சாட்டை இலேசாகத் தட்டிவிட முடியாது.

நான் கண்ட விடை இது. ஏணியைப் பிடுங்கும் உரிமை ஆசிரியனுக்கில்லை. பிள்ளையின் நாவைப் பிடுங்கும் உரிமையும் அவனுக்கில்லை. பரீட்சைக்கு எழுதும் முறையைப் பரீட்சைக்குரிய முறையாகவே, மறைக்காமற் சொல்லிக் கொடுக்கலாம்: "இது பரீட்சைக்கு, இதோ உன்னுடையது உனக்கு." இரண்டையும் பிரித்துக் காட்டுவதே நேர்மை. மனனஞ் செய்த பொய்யை "உன் சொந்த ஆக்கம்" என்று பெயரிட்டு வாங்குவதிலேதான் அறக்கேடு இருக்கின்றது. இரண்டையும் கற்பிக்க நேரம் அதிகம் வேண்டும் என்பது உண்மை. அந்தச் சுமை ஆசிரியன் மீது விழட்டும். பிள்ளை மீது விழ வேண்டாம். நெடுங்கால நோக்கிலே பார்த்தால், தன் சொல்லால் எழுதிப் பழகிய பிள்ளை அறியாத தலைப்பைக் கண்டு நடுங்குவதில்லை. மனனக்காரனோ, குடையைப் பற்றிக் கேட்பார்களென்று போய்ச் செருப்பைப் பற்றிக் கேட்டுவிட்டால் அங்கேயே அமர்ந்து விடுகின்றான்.

பிள்ளையால் உண்மையில் எழுத முடியுமா என்று ஐயுறுவோர்க்கு உலக அனுபவம் விடை கூறும். டால்ஸ்டாய் 1859-இல் யாஸ்னயா பொல்யானாவிலே குடியானவர் பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தார். பிள்ளைகளோடு சேர்ந்து கதை எழுத முற்பட்டவர், அவர்களுடைய கூர்மையைக் கண்டு வியந்து 1862-இல் ஒரு கட்டுரை வரைந்தார். குடியானவர் பிள்ளைகள் நம்மிடம் எழுதக் கற்பதா, நாம் அவர்களிடம் கற்பதா என்பதே அக்கட்டுரையின் தலைப்பு. எழுத்துலகிலே புகழ் பெற்றிருந்த ஒருவர் இக்கேள்வியைக் கேட்டார். பிரான்சிலே, முதலாம் உலகப் போரில் நுரையீரலிற் காயம்பட்ட செலெஸ்தேன் பிரேனே என்னும் கிராமத்து ஆசிரியர் 1924-இல் தம் வகுப்பறைக்குள் ஓர் அச்சியந்திரத்தையே கொண்டுவந்தார். பிள்ளைகள் தம் வாழ்க்கையைத் தாமே எழுதினார்கள்; தாமே எழுத்துக்கோத்தார்கள்; அச்சிட்டு வேற்றூர்ப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். எழுதியதை வாசிக்க எங்கோ ஒரு பிள்ளை காத்திருக்கின்றது என்று தெரிந்தபோது எழுத்து தண்டனையாக இருக்கவில்லை.

அச்சியந்திரம் நமக்கு எங்கே என்று கேட்க வேண்டியதில்லை. கையெழுத்துப் பத்திரிகை தமிழிளைஞருக்கு நெடுங்காலம் பழக்கமான ஒன்று. மாதம் ஒருமுறை வகுப்புக்கு ஒரு கையெழுத்துப் பத்திரிகை. நாளுக்குப் பத்து நிமிடம் வினா இல்லாத வாசிப்பு. அந்தப் பத்து நிமிடமும் ஆசிரியரும் தமக்குப் பிடித்த நூலைத் திறந்துகொண்டு உட்காருதல். புள்ளியிடாத ஒரு கொப்பி. இவற்றுக்கு எந்தச் சுற்றுநிருபமும் தேவையில்லை. அந்தக் கொப்பியிலே எழுதப்பட்டதைப் பிள்ளையின் சம்மதமின்றி வகுப்பிலே வாசிக்கலாகாது என்பதும் விதியாக வேண்டும். நம்பி ஒப்படைத்த உண்மை புள்ளியை விடப் பெறுமதியானது.

ஆயினும், ஆசிரியனின் நல்லெண்ணத்தால் மட்டும் முடியாத காரியமும் உண்டு. 2022 மார்ச்சிலே தாள் இல்லாமையால் மேல் மாகாணப் பாடசாலைகளிலே தவணைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டன. கொப்பியின் விலையே சுமையாகிவிட்ட வீட்டிலே கதைப்புத்தகத்துக்கு எங்கே இடம்? ஆகவே, பொது நூலகம் ஆடம்பரமன்று. ஏழைப் பிள்ளையின் சொத்து. கொழும்புப் பொது நூலகம் 1925-இலே தோன்றியது. ஆனால், பஸ்ஸுக்குக் காசில்லாத பிள்ளைக்கு நகரின் நடுவிலுள்ள நூலகம் தொலைதூரமே. ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு வாசிகசாலை வேண்டும் என்று கேட்பது தண்ணீர்க் குழாய் கேட்பதைப் போன்ற நியாயமான கோரிக்கையே. யாழ்ப்பாணத்திலே 1933-இல் க. மு. செல்லப்பா தம் வீட்டிலேயே தொடங்கிய சிறு நூலகம் ஊராரின் முயற்சியால் வளர்ந்து, ஏறத்தாழ 97,000 நூல்களைக் கொண்டிருந்த நிலையிலே 1981-இல் எரிக்கப்பட்டது. எரித்தவர்கள் புத்தகத்தின் பெறுமதியை அறிந்திருந்தார்கள். நாம் அறிந்திருக்கின்றோமா?

ஒரு மனிதரைச் சொல்லாமல் இதை முடிக்க இயலாது. 1927-இலே யாழ்ப்பாணத்திற் பிறந்த டொமினிக் ஜீவா, சாதியின் பெயரால் வகுப்பறையிலே அவமதிக்கப்பட்டு ஐந்தாம் வகுப்போடு வெளியேறியவர். சிகையலங்கார நிலையத்திலே தொழில் செய்துகொண்டே வாசித்தார்; எழுதினார். அவருடைய 'தண்ணீரும் கண்ணீரும்' இலங்கைச் சாகித்திய மண்டலப் பரிசைப் பெற்றது. 1966-இல் 'மல்லிகை'யைத் தொடங்கி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நடத்தினார். அதன் பிற்காலத்து முகவரி, முகத்துவாரத்துக்கு அயலிலுள்ள கொழும்பு 13, ஸ்ரீ கதிரேசன் வீதி. 2021-இலே அவர் காலமானார். அவருடைய வாழ்க்கையை வெற்றிக் கதையாக மட்டும் சொல்வது எளிது. ஆனால் ஆசிரியர்களாகிய நாம் அதை வேறுவிதமாகப் படிக்க வேண்டும். பாடசாலை வெளியே தள்ளிய பிள்ளைக்குச் சலூனிலே கிடந்த பத்திரிகைகள் பாடசாலையாயின. வினாவும் படிப்பினையும் இல்லாமல், தன் விருப்பத்தால் வாசித்த வாசிப்பு அது. தன் மக்களின் வாழ்க்கையை எழுதலாகாது என்று அங்கே அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஒரு ஜீவா தப்பி வந்தார். தப்பி வராதவர்கள் எத்தனை பேர் என்பதை எந்த இலக்கிய வரலாறும் எழுதப்போவதில்லை.

இவ்விதழைப் படிக்கும் நண்பர்கள் சமூக மாற்றத்தை விரும்புகின்றவர்கள். அவர்களுக்கு ஒன்று சொல்லலாம். மாதிரிக் கட்டுரையை மனனஞ் செய்து வளர்ந்தவன் நாளைக்கு மாதிரிச் சுலோகத்தையும் மனனஞ் செய்வான். அச்சுலோகம் நம்முடையதாக இருக்கலாம். அதனால் மகிழ்வதற்கு எதுவுமில்லை. இன்றைக்கு நமது சுலோகத்தை ஒப்புவித்தவன் நாளைக்கு இனவாதியின் சுலோகத்தையும் அதே குரலில், அதே பிழையற்ற தமிழில் ஒப்புவிப்பான். தன் கண்ணாற் கண்டதைத் தன் சொல்லாற் சொல்லத் தெரிந்தவனே பிறர் சொல்லும் பொய்யை அடையாளங் காண்பான். குவைத்திலுள்ள சுவரின் அளவைக் கவனித்த பிள்ளையிடம் அரசியற் பொருளாதாரத்தின் முதற் பாடம் ஏற்கெனவே இருக்கின்றது. அதை வெட்டாமல் விடுவதும், அடுத்த வரியை எழுது என்று சொல்வதுமே நம்முடைய வேலை.